ஆபியின் சட்டியைக் கழுவிய மாப்பிள்ளை

ஐம்பத்தேழு வயதில் ஒருவர் புதுமாப்பிள்ளை ஆனால் சுற்றியிருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். ரெஜினால்ட் ஹெண்ட்ரிக்ஸுக்கு அது தெரிந்துதான் இருந்தது. பார்ல் ஊர் தேவாலயத்தில் ஆகஸ்டு மாதம் வெர்னாவைக் கட்டிக்கொண்டபோதே, மோதிரத்தைத் தப்பான விரலில் போடப்போனதைப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது வெர்னாவின் கொழுந்தன் டாவித் என்று பிறகு தெரிந்தது.

கொழுந்தன் என்றால் முதல் புருஷன் வழிக் கொழுந்தன். அந்த முதல் புருஷன் ஆபி சால்ஸ், ஒரு மீன் ஆலையில் லாரி ஓட்டியவர். இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அண்ணன் தம்பி இருவரும் மனைவிமாரோடு டிசம்பர் வந்தால் மேற்குக் கடற்கரைக்குப் போய், தைலமரத் தோப்பில் அதே இடத்தில் கூடாரம் போட்டுப் பன்னிரண்டு நாள் கிடப்பார்கள். ஆபி போன பிறகும் டாவித்தும் அவன் மனைவி லெட்டியும் அண்ணியை விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது வந்துவிடுவார்கள். இந்த வருஷம் அண்ணியோடு ஒரு புதுப் புருஷனும் வந்து இறங்கினார்.

அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று டாவித்துக்குக் குழப்பம். அண்ணன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பெயர் சொன்னால் அண்ணி முறைப்பாள். கடைசியில், கூடாரத்தின் முளைக்கம்பை ரெஜி தலைகீழாக அடித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு வழி கிடைத்தது.

"மாப்பிள்ளை, கூர்ப்பக்கம் கீழ வரணும்" என்றான்.

அன்றிலிருந்து மாப்பிள்ளைதான்.

ரெஜி ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். டாக்டரில்லை. ஆபரேஷனுக்கு எடுத்த கத்தி, கத்திரி, இடுக்கிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, பொட்டலம் கட்டி மாடிக்கு அனுப்பும் பிரிவில் இருபத்தாறு வருஷம். அழுக்கு என்பது அவருக்குக் கண்ணால் பார்க்கிற சமாசாரம் இல்லை, கண்ணுக்குத் தெரியாதபோதுதான் அதிகம் பயப்படுவார். வெர்னா வீட்டுக்கு முதன்முதலில் சாப்பிட வந்தபோது அவளுடைய கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை, அடிக்கடி சொல்லிக்காட்டுவாள்.

முதல் நாள் சாயங்காலம் டாவித் வெர்னாவின் காரிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தான். உள்ளே மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டி. அந்த ஊர்க்காரர்கள் போய்கி என்பார்கள். பானை வயிறு, கனத்த மூடி, கரியில் உருண்டு வந்த நிறம்.

"ஆபியோட சட்டி" என்றாள் லெட்டி, தாழ்ந்த குரலில்.

அதில் ஆட்டுக்கறியும் பச்சை பீன்ஸும் உருளைக்கிழங்கும் மூன்று மணி நேரம் வெந்தன. டாவித் பக்கத்திலேயே உட்கார்ந்து சட்டத்தையெல்லாம் சொன்னான். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கிண்டக் கூடாது. தண்ணீர் காட்டக் கூடாது. சோப்பு என்ற வார்த்தையைச் சட்டியின் காதில் விழச் சொல்லவே கூடாது. எல்லாம் ஆபி வைத்த சட்டம். பாதிச் சட்டியில் சமைத்தால்தான் ருசி உருண்டு திரளும் என்று ஆபி சொல்லுவாராம். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள்கூட இப்போது பாதிதான் நிரப்புகிறார்களாம்.

கறி அமிர்தமாக இருந்தது. ரெஜி இரண்டு தட்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் வினை. டாவித் ஒரு பழைய செய்தித்தாளைக் கசக்கிச் சட்டிக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினான். சூரியகாந்தி எண்ணெயை ஒரு கை ஊற்றி, கொழகொழவென்று பூசி, மூடி, சாக்கைப் போர்த்தினான்.

"கழுவலையா?" என்றார் ரெஜி.

மேசைக்கு அடியில் வெர்னா அவர் காலை மிதித்தாள்.

"மாப்பிள்ளை, இந்தச் சட்டி தண்ணி பாத்துப் பதினாலு வருஷம் ஆச்சு."

ரெஜிக்கு இரண்டாவது தட்டு தொண்டைவரை ஏறி இறங்கியது. பதினாலு வருஷத்து ஆடுகள் மொத்தமும் அந்தச் சட்டிக்குள் மேய்வதுபோல் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மற்றவர்கள் எழுவதற்கு முன் ஒரு நல்ல காரியம் செய்வது என்று அவர் முடிவு செய்தார். சாக்கை அவிழ்த்து, சட்டியைத் தோப்பின் பொதுக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். கொதிநீர், சோப்பு, இரும்பு நார். ஒன்றரை மணி நேரம் கையை எடுக்காமல் தேய்த்தார். கறுப்புத் தோல் தோலாக உரிந்தது. அடியில் சாம்பல் நிற இரும்பு எட்டிப் பார்த்தபோது அவர் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. திரும்பி வந்து மேசை நடுவில் வைத்து, மணல் விழாமல் இருக்க மூடியைப் போட்டு, அதன்மேல் அலசிப் பிழிந்த துணியையும் போர்த்திவிட்டு, வெர்னாவோடு துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போய்விட்டார். அதற்குள் டாவித்தும் லெட்டியும் எழுந்து காரில் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கடலிலிருந்து மூடுபனி ஏறியது. அந்தக் கரையில் அது வந்தால் சொல்லிக்கொண்டு போகாது. துணி காயாமல், நாக்கில் உப்புக் கரிக்க, மரமும் கூடாரமும் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும்.

துறைமுகத்தில் வெர்னாவுக்குத் தெரிந்தவர்கள் அதிகம். புதுப் புருஷனை எல்லோருக்கும் காட்டி முடித்துத் திரும்ப மாலை நாலு மணி. டாவித்தும் அப்போதுதான் கடைத்தெருவிலிருந்து வந்து, அடுப்பு மூட்டிவிட்டு மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது என்ன துணி?"

"சும்மா, உங்களுக்கு ஒரு ஆச்சரியம்" என்றார் ரெஜி. அவருக்கே முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

டாவித் துணியை எடுத்தான். மூடி இருந்த இடத்தில் துணியில் வட்டமாக ஆரஞ்சுக் கறை. மூடி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தட்டித் திறந்தான். உள்ளே, செங்கல் பொடியைக் கரைத்துப் பூசியதுபோல் அடி முதல் விளிம்பு வரை சிவப்பு.

டாவித் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். அப்படியே நின்று மனைவியைக் கூப்பிட்டான்.

"லெட்டி, இங்க வந்து பாரு. சட்டிக்கு மஞ்சக்காமாலை."

லெட்டி எட்டிப் பார்த்தாள். "அடப் பாவமே. நேத்து ராத்திரி நல்லாத்தானே சாப்பிட்டுப் படுத்துச்சு."

"மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்காரர்தானே, ஒரு ஊசி போடச் சொல்லு."

"கழுவினேன்" என்றார் ரெஜி. "சுத்தமா கழுவினேன்."

"அது தெரியுது. இன்னும் ரெண்டு நாள் கழுவியிருந்தா வெறும் மூணு கால்தான் மிஞ்சியிருக்கும்."

பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒருவர் டீக்கோப்பையோடு வந்து உள்ளே பார்த்து, "கேரட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ரெஜி இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் வெர்னாவும் வந்து பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். விறுவிறுவென்று கூடாரத்துக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டாள். திரை முழுதாக மூடுவதற்குள் அவள் தோள்கள் குலுங்குவது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆபியின் பொருள் என்று அவள் தன்னோடு கொண்டுவந்தது அந்தச் சட்டி ஒன்றுதான். அதைத்தான் ரெஜி ஆறு மணி நேரத்தில் துருப்பிடிக்க வைத்தார். அன்றைக்குச் சுட்ட தொத்திறைச்சியைத் தட்டில் போட்டுத் தரும்போது டாவித், "பயப்படாம சாப்பிடுங்க மாப்பிள்ளை, சோப்புப் போட்டுத்தான் சுட்டேன்" என்றான். அவர் தலை நிமிராமல் தின்றார்.

மறுநாள் காலையில் டீகூடக் குடிக்காமல் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பனி விலகி நல்ல வெயில். அவரைச் சுட்டது வெயிலல்ல. வேலை பார்க்கும் இடத்தில் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. 'ஈரத்தோடு எதையும் மூடாதே.' அவர் கையால் எழுதி அவரே மாட்டியது. ஈரமாகப் பொட்டலம் கட்டிய கத்திரி ஒரே நாளில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும் என்று வருகிற புது ஆட்களுக்கெல்லாம் அவர்தான் வகுப்பு எடுக்கிறார். அந்த மனிதர் ஈரச் சட்டிக்கு மூடி போட்டு, மூடிக்கு ஈரத்துணி போர்த்திவிட்டு மீன் வாங்கப் போயிருக்கிறார்.

லெட்டி மத்தியானத்துக்குக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய கிழங்கைப் பாதியாக வெட்டி, ஒரு கிண்ணம் கல்லுப்போடு நீட்டினாள்.

"இதை வெச்சுத் தேயுங்கண்ணே. உப்பு தேய்க்கும், கிழங்குச்சாறு துருவைத் தின்னும். சிவப்பு வந்தா மேல்பக்கத்தைச் சீவிட்டு மறுபடியும் தேயுங்க."

மூன்று கிழங்கு செலவானது. டாவித் எதிரே நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு, கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசிக்கொண்டிருந்தான். "ஆபி இருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பிப்பான். ஆபி இருந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார் என்று அன்று காலை மட்டும் நாற்பது முறையாவது கேட்டாயிற்று. ரெஜி எண்ணவில்லை, ஆனால் அத்தனை முறை இருக்கும்.

தேய்த்து முடித்ததும் உடனே அலசி, துடைத்து, நேரே நெருப்பில் வைத்தார். மூலை முடுக்கில் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும்வரை விட்டார். கை வைக்க முடியாத சூட்டில் ஆட்டுவால் கொழுப்பைத் துணியில் தொட்டு ஒரு பூச்சு. பிறகு வேறு துணியால் பூசியதையெல்லாம் துடைத்தார்.

"பூசறீங்க, உடனே தொடைக்கிறீங்க. கைநீட்டிக் குடுத்துட்டுப் புடுங்கிக்கிற மாதிரி இருக்கே" என்றான் டாவித். "தாராளமா ஊத்துங்க மாப்பிள்ளை."

"தாராளமா ஊத்தினா கோந்து மாதிரி ஒட்டும். அதுல ஈரமும் உக்காரும், மணலும் உக்காரும். பூசவே இல்லையோன்னு சந்தேகம் வரணும். அதுதான் அளவு."

"இருபத்தாறு வருஷமா ஆட்டுக்கொழுப்பா பூசறீங்க?"

"இல்ல. எண்ணெய்தான். ஆனா இரும்பு இரும்புதானே."

டாவித் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரக் குழாயடிக்குப் போனான்.

மூன்றாவது பூச்சுக்குத் துடைக்கும்போதுதான் ரெஜியின் விரலில் அது தட்டுப்பட்டது. சட்டியின் வயிற்றில், பாதி உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. உள்ளே கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. இரும்பில்லை. கொழுப்புமில்லை. நகத்தால் நெருடினார், ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. முகர்ந்து பார்த்தார். லாரி என்ஜினுக்குப் போடும் பசை. சட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்தார், கோட்டின் வழியே ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

சட்டி வெடித்திருந்தது. இன்று நேற்றல்ல, எப்போதோ. லாரிக்காரர் ஆபி அதைப் பசை வைத்து அடைத்திருக்கிறார். அதன்மேல் எண்ணெயும் கரியும் ஏற ஏற மறைந்துபோயிற்று. கழுவக் கூடாது, பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற சட்டமெல்லாம் எங்கிருந்து வந்தன என்று ரெஜிக்கு அந்த நிமிஷம் புரிந்தது. ருசி உருண்டு திரளுவதாவது.

நேற்று மாலையிலிருந்து பட்ட பாட்டுக்கு அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு தோப்பு முழுக்க ஓடி எல்லோருக்கும் காட்டியிருக்கலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. தோள் குலுங்கத் திரைக்குப் பின்னால் போன வெர்னாவை நினைத்தார். செத்தவர் எழுந்து வந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லப்போவதில்லை. பெயர்ந்த துண்டை அதே இடத்தில் அழுத்தி வைத்து, மேலே கொழுப்பைத் தடவினார். இந்த முறை துடைக்கவில்லை.

டாவித் வாளியோடு வந்தான். வெர்னாவும் துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"தண்ணி கொதிக்க வெச்சுப் பாப்போம்" என்றாள் லெட்டி. வாளியை வாங்கிச் சட்டிக்குள் கவிழ்க்கப் போனாள்.

"பாதி போதும்" என்றார்கள் ரெஜியும் டாவித்தும், ஒரே நேரத்தில்.

ரெஜி டாவித்தைப் பார்த்தார். டாவித் கடலைப் பார்த்தான்.

லெட்டி அவர்கள் சொன்னதைக் காதில் வாங்குவதற்குள் விளிம்புவரை ஊற்றிவிட்டாள். கொதி வரும்வரை ஒன்றுமில்லை. வந்ததும் கறுப்புத் துண்டு மெல்ல நெகிழ்ந்து விழுந்தது. வயிற்றிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி இறங்கி நெருப்பில் விழ, சுர்ரென்று சாம்பல் கிளம்பியது.

"போச்சு" என்றாள் லெட்டி. "அண்ணே, தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டையே போட்டுட்டீங்களா?"

"ஆமா" என்றார் ரெஜி. "கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சுட்டேன் போல."

உருளைக்கிழங்கை வைத்து வார்ப்பிரும்பில் ஓட்டை போட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் முகத்தை அவ்வளவு நேராக வைத்துக்கொண்டு சொன்னதில், லெட்டி ஒரு கணம் நம்பியேவிட்டாள்.

நம்பாமல் நின்றவன் டாவித். கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆனால் அவன் குச்சியால் சாம்பலைக் கிளறினான். காதுமடல் சிவந்தது.

"அவரு போடல" என்றான் கடைசியில்.

"பின்ன யாரு?"

"நான்தான். பதினாலு வருஷம் முன்ன. டிரெய்லர்ல சரியாக் கட்டாம விட்டுட்டேன். கல்லு ரோட்ல விழுந்துடுச்சு." அவன் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணி, அது உங்க கல்யாணச் சீரு. ஆபி சொன்னாரு, அவகிட்டச் சொல்லாத, நான் பாத்துக்கறேன்னு. பசை வெச்சு அடைச்சாரு. கழுவினாப் பெயர்ந்துடும்னுதான் அந்தச் சட்டமெல்லாம். பாதிக்கு மேல போனா ஒழுகும்."

லெட்டி வாளியைக் கீழே வைத்தாள். "அப்ப ருசி உருளுறது, திரளுறது..."

"அது சும்மா ஆபி அடிச்சு விட்டது."

எல்லோரும் வெர்னாவைப் பார்த்தார்கள். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"எப்படின்னா? வருஷத்துக்கு ஒரு தடவையாவது அடுப்புல சுர்ருன்னு சத்தம் வரும். உடனே உங்க அண்ணன் சத்தமாப் பாட்டுப் பாடுவாரு. அந்த மனுஷன் வேற எப்பவாவது பாடி நீ கேட்டிருக்கியா? மூணாம் வருஷமே கவுத்துப் போட்டுப் பாத்துட்டேன். அண்ணனும் தம்பியும் சேந்து இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறீங்களே, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

டாவித் மறுபடியும் தொப்பியைக் கழற்றினான். இந்தத் தடவை வேடிக்கைக்கு இல்லை.

"அப்ப நேத்து?" என்றார் ரெஜி. "கூடாரத்துக்குள்ள போய் அழுதியே."

"அழுதேனா? நீ அந்த ஈரத்துணியைப் போத்தி, ஆச்சரியம்னு சொல்லிட்டு நின்ன பாரு. அதுக்கு எதிர்ல சிரிச்சா உன் மனசு நோகும்னு உள்ள ஓடினேன்." கையை மறுபடியும் பாவாடையில் துடைத்தாள். "சிரிச்சு முடிச்சப்புறம் கொஞ்சம் அழுதேன்தான். அது வேற."

ரெஜி தலையசைத்தார்.

"அதிருக்கட்டும். நீ ஏன் பழியை உன் தலையில போட்டுக்கிட்ட?" என்றாள் வெர்னா.

"கழுவினது நான்தானே."

வெர்னா எழுந்து, அவர் மூக்கில் ஒட்டியிருந்த கரியைக் கட்டைவிரலால் துடைத்தாள். நன்றாக அழுத்தித்தான் துடைத்தாள்.

"பதினாலு வருஷமா என்ஜின் பசையைத் தின்னிருக்கீங்க" என்றார் ரெஜி. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "அது உடம்புக்கு என்ன பண்ணும்னு யோசிச்சீங்களா?"

"டாவித்தைப் பாரு, தெரியும்" என்றாள் லெட்டி.

பசை முழுவதையும் சுரண்டி எடுத்தார்கள். ஒழுகும் சட்டியில் குழம்பு வைக்க முடியாது. ஆனால் ரொட்டி மாவு ஒழுகுமா? லெட்டி சொன்ன யோசனை அது. சாயங்காலம் மாவைப் பிசைந்து உள்ளே வைத்து, மூடிமேலும் தணல் போட்டு ஒரு மணி நேரம் விட்டார்கள். வெடிப்பு இருந்த பக்கம் மட்டும் கொஞ்சம் கருகியது. அந்தத் துண்டை டாவித்துக்குக் கொடுத்தார்கள். அவன் மறுபேச்சில்லாமல் தின்றான்.

மறுநாள் ரெஜியும் வெர்னாவும் ஊருக்குள் போய் இரும்புக்கடையில் ஒரு புதுச் சட்டி வாங்கி வந்தார்கள். கடைப் பூச்சைத் தேய்த்து எடுத்துப் பழக்குவதற்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் தோப்பில் நிம்மதி இல்லை. கொழுப்பு எவ்வளவு என்று காலையில் ஒரு சண்டை, நெருப்பு எவ்வளவு என்று மாலையில் ஒரு சண்டை. மூடுபனி வரும் நாளில் எப்படி வைப்பது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். நெருப்பில் உலர்த்தி, பூசித் துடைத்து, காற்றுப் போக மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே மடித்த காகிதம் செருகி, ஈரம் இழுக்க உள்ளே நாலு கரித்துண்டு போட்டு, கூடாரத்தில் வைக்காமல் காருக்குள் வைப்பது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் வந்து பாதிதான் நிரப்ப வேண்டுமா என்று கேட்டதற்கு, முழுசாகவே நிரப்பலாம் என்றான் டாவித். ஏன் சட்டம் மாறியது என்று அவர் கேட்டார். இது புது மாடல் என்றான்.

பதினொன்றாம் நாள் மறுபடியும் பனி இறங்கியது. விடிந்ததும் டாவித் கார்க் கதவைத் திறந்து, மூடியைத் தூக்கி, விரலை உள்ளே ஓட்டிப் பார்ப்பதைக் கூடார வாசலிலிருந்து ரெஜி பார்த்தார். விரல் சுத்தமாக வந்தது. அவன் யாரும் பார்க்கவில்லையென்று நினைத்து, மூடியைப் பழையபடி வைத்து, காகிதத்தையும் சரியாகச் செருகிவிட்டு, விசிலடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

புதுச் சட்டி டாவித் வீட்டுக்கும் பழைய சட்டி வெர்னா வீட்டுக்கும் என்று பங்கு பிரித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ரெஜியின் பிரிவுத் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் டாவித், ரகசியம் பேசும் குரலில்.

"லெட்டி புதுச் சட்டியில தக்காளிக் குழம்பு வெச்சுட்டா. வெச்சதோட விடாம ராத்திரி பூரா அதுலயே விட்டுட்டா. புளிப்பு பட்டுக் கறுப்பு திட்டுத் திட்டா உரிஞ்சு நிக்குது."

"சிவப்பு இருக்கா?"

"ஒரு ஓரமா. காசு அளவுக்கு."

"தண்ணி காட்டாத. எண்ணெய் ஊத்தாத. அப்படியே அடுப்புல வெச்சு உலர்த்து. ஞாயித்துக்கிழமை நானும் வெர்னாவும் வர்றோம்."

"அண்ணிகிட்டச் சொல்லணுமா?"

ரெஜி சுவரில் தொங்கிய அட்டையை ஒரு தரம் பார்த்தார்.

"நீ சொல்லாட்டியும் அவளுக்குத் தெரியத்தான் போகுது" என்றார். "உருளைக்கிழங்கு மட்டும் நாலு வாங்கி வை."